சோப்பக்கா துவைத்த சால்வை

அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுடைய சோப்பு வாசனை வந்துவிடும். அதனால் தெருவே அவளைச் சோப்பக்கா என்று கூப்பிட்டது. தெரு முனையில் இருந்த சலவைக் கடை அவளுடையது. துவைப்பது அவள், தேய்ப்பது வீட்டுக்காரர். சோப்பக்கா பேசாத நேரம் என்று ஒன்று உண்டா என்று கேட்டால், வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு துணி காயப்போடும் நேரம் என்பார் அவர்.

கறை என்றால் அவளுக்கு ஜென்மப் பகை. பேருந்தில் முன்னால் நிற்கிற ஆளின் காலரில் அழுக்கு இருந்தால் இவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், அழுதுகொண்டிருந்த அம்மாளின் தோளில் டீக்கறையைப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழம் தேய்ச்சா போயிடும்" என்று காதில் சொல்லிவிட்டு வந்தாள். தங்கமான மனசுதான். அந்தக் கை இருக்கிறதே, அதுதான் சும்மா இருக்காது.

ஒரு நாள் கடைக்கு ஓர் அம்மாள் இரண்டு பெரிய மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டையைப் பிரித்ததும் கிளம்பிய நாற்றத்தில் வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள்.

"இது என்னங்க, போர்வையா பூனையா?" என்றாள் சோப்பக்கா. அவ்வளவு முடி.

"பூனைங்க படுத்த போர்வைம்மா. தெருவுல விட்டுட்டுப் போனதுங்க, அடிபட்டதுங்க, எல்லாத்தையும் வெச்சுப் பார்த்துக்குறோம். மத்த கடைக்காரங்க எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க."

"முடியாதா? துவைக்கத் தெரியாதவன்லாம் எதுக்குக் கடை வெச்சிருக்கான்?"

ரோஷம் வந்துவிட்டது, அப்புறம் என்ன! மூட்டையை ஊறவைத்து, அலசி, கொதிநீரில் போட்டு, மறுபடி அலசி, வீட்டுக்காரரைப் பாடாய்ப் படுத்தித் தேய்க்கவைத்து, தானே தூக்கிக்கொண்டு அந்த நர்ஸம்மா நடத்திய பூனைக் காப்பகத்துக்குப் போனாள். வேலையைக் காட்டிப் பெருமைப்பட வேண்டாமா? அடுக்கை மேஜைமேல் வைத்த நிமிஷத்தில் ஒரு குட்டி தாவி ஏறி, சூடு ஆறாத போர்வையில் சுருண்டு படுத்துக்கொண்டது.

"அடியேய், இப்பத்தான்டி தேய்ச்சது!" என்று கத்தினாள். கத்தியதோடு சரி. குட்டி தூங்கி எழும்வரை அந்த அடுக்கை நகர்த்தவில்லை. கடையில் வீட்டுக்காரர் பசியோடு காத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மத்தியானம் சாப்பிட்டதும் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் காப்பகத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. மணல் தட்டுகளைக் கொட்டிக் கழுவுவாள், தண்ணீர்க் கிண்ணங்களைப் பளபளவென்று தேய்ப்பாள், மனிதரைக் கண்டால் சீறுகிற குட்டிகளின் எதிரில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கடைக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். முதல் வாரம் சீறும். அடுத்த வாரம் முந்தானையை இழுக்கும். அதற்கடுத்த வாரம் மடியில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும்.

பூனைகளுக்கு வீடு பிடித்துத் தருவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. துணியைப் பார்த்தே அவளுக்கு வீடு தெரியும். எந்த வீட்டில் குழந்தை தரையில் புரளும், எந்த வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனிப் போர்வை, யார் தனி ஆள், எல்லாம் அத்துப்படி. "உங்க வீட்டுப் பொண்ணு ராத்திரி தலையணையெல்லாம் அழுது நனைக்குது, ஒரு பூனை வளருங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்வாள். வெள்ளைச் சோபா வைத்திருப்பவர்களுக்குக் கறுப்புப் பூனை கிடையாது என்பது அவள் போட்ட சட்டம்.

தன் வீட்டுக்கு மட்டும் ஒன்றைக்கூட அவளால் கொண்டுபோக முடியவில்லை. வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. பூனை முடி பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். அதனால் காப்பகத்திலிருந்து திரும்பியதும் கடையின் பின்கட்டில் குளித்து, வேறு உடுத்திக்கொண்டுதான் அவர் பக்கத்தில் போவாள்.

"சின்ன வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்பார் அவர், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

"உங்களைவிட நல்லாக் கவனிக்குதுங்க என்னை" என்பாள் இவள்.

அந்தக் காப்பகத்தில் எவரையும் சட்டை செய்யாத கிழம் ஒன்று இருந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது. வளர்த்த பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போனபோது இங்கே வந்து சேர்ந்தது. இரும்பு பீரோவின் உச்சியில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்களை வேலைக்குத் தாமதமாக வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்க்கும். அதனால் மேனேஜர் என்று பெயர் வந்தது. பூனை எடுக்க வருகிறவர்கள் குட்டிகளைக் கொஞ்சிவிட்டு, "அது யாரு மேல?" என்று கேட்டால், மேனேஜர் எழுந்து, திரும்பி, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். யார் எடுப்பார்கள்? வருஷக்கணக்காக எத்தனையோ குட்டிகள் அதன் கண்ணெதிரே கூடையில் ஏறிப் போயின.

சோப்பக்காவுக்கு அதன்மேல் உயிர். பீரோவுக்குக் கீழே நின்று, "ஏன்டா, கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா என்ன, முத்தா உதிர்ந்துடும்?" என்று திட்டுவாள். ஒருமுறை ஆசை தாங்காமல் வீட்டுக்காரரிடம் சுற்றி வளைத்துக் கேட்டும் பார்த்தாள். "கூட்டிட்டு வா, நான் சமாளிச்சுக்கறேன்" என்றார் அவர். அன்றைக்கென்று பார்த்து மாடிப்படி ஏறும்போது அவர் நெஞ்சு போட்ட சத்தத்தைக் கேட்டவள், அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். நல்ல இடமாகப் பார்த்து அதை அனுப்பிவைக்க வேண்டும், அது கண்மூடுவதற்குள் ஒரு வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற டிரைவர் ஒருவர் வந்தார். ஆள் வாட்டசாட்டம், தலை முழு வழுக்கை, குரல் மட்டும் காதைக் கொண்டுபோய் வாயருகே வைத்தால்தான் கேட்கும். குட்டிகள் காலில் ஏறின. அவர் தலையைத் தூக்கி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அவரைப் பார்த்தது. வழக்கம்போலத் திரும்பி உட்காரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பவில்லை.

"இவரு ரொம்ப நாளா இருக்காரா?" என்று கேட்டார் டிரைவர்.

இவரு! சோப்பக்காவுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே ஆளைப் பிடித்துவிட்டது. "தம்பி, வீட்டுல யாரெல்லாம்?"

"நான் ஒருத்தன்தாங்க்கா."

காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயதான பூனையை உடனே அனுப்பமாட்டார்கள். எடுக்கப் போகிறவரின் வீட்டிலிருந்து துவைக்காத துணி ஒன்று வாங்கி, அதைப் பூனைக்குப் பக்கத்தில் போட்டுவைப்பார்கள். பூனை தானாக வந்து அதில் படுத்துத் தூங்கினால், அந்த வீட்டு வாசனை அதற்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். போன இடத்தில் மிரளாது. அந்தத் துணியின் மூலையில் சிவப்பு நூல் ஒன்றை முடிந்துவைப்பார் நர்ஸம்மா. சிவப்பு நூல் கட்டிய துணியை யாரும் துவைக்கக் கூடாது. இந்த 'யாரும்' என்ற சொல் யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். சோப்பக்கா அந்தத் துணிகளை அழுக்கு மூட்டை என்று ஏசிக்கொண்டே, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோவாள்.

மறுநாள் டிரைவர் காப்பிக் கலர் சால்வை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். பையை நர்ஸம்மாவிடம் கொடுத்த பிறகும் கை அதை விடவில்லை. "வீட்டு வாசனை இதுலதாங்க இருக்கு" என்றார். அப்புறம் விட்டார்.

மேனேஜர் முதல் நாள் சால்வையை மேலிருந்து பார்த்தது. அடுத்த நாள் இறங்கி வந்து முகர்ந்துவிட்டு ஏறிக்கொண்டது. அதற்கடுத்த நாள் சோப்பக்கா வந்தபோது பீரோ உச்சி காலியாக இருந்தது. பதறிப்போய்த் தேடினால், கீழே சால்வைக்குள் மூக்கைப் புதைத்து, கழுதை மாதிரிக் கால்களை நீட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது மேனேஜர்! அவள் வாயைப் பொத்திக்கொண்டு நர்ஸம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று டிரைவருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் சால்வையின் ஓரத்தில் வாந்தி எடுத்துவைத்தது. பூனை என்றால் முடியை நக்கி விழுங்கும், கக்கும், உலக வழக்கம். நர்ஸம்மா மருந்து வாங்க வெளியே போயிருந்தார். சோப்பக்கா பார்த்தாள். நாளைக்கு அந்த மனுஷன் வந்து இந்தக் கோலத்தில் வாங்கிக்கொண்டு போவதா? அந்த மூலையை மட்டும் ஒரு அலசு அலசலாம், நூலைக்கூட அவிழ்க்க வேண்டாம், என்று நினைத்தாள்.

தொழில் தெரியாத யாராவது செய்திருந்தால் மூலையை மட்டும் அலசிவிட்டுப் போயிருப்பார்கள். இவள் சலவைக்காரி ஆயிற்றே! ஓரத்தை மட்டும் நனைத்தால் காய்ந்ததும் வட்டம் விழும், வட்டம் விழுந்த துணியை அவள் ஜென்மத்தில் யாருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை. வட்டம் விழாமல் இருக்க இன்னும் கொஞ்சம் நனைத்தாள். அங்கே ஓர் எண்ணெய்ப் பிசுக்கு தென்பட்டது. "வழுக்கைத் தலைக்கு எதுக்கு இவ்வளவு எண்ணெய்?" என்று முணுமுணுத்தபடி அதற்கும் சோப்புப் போட்டாள். அந்தக் கேள்வியோடு ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம், பாவி. கை ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு மூளை ஓடாது. நர்ஸம்மா திரும்பி வந்தபோது சால்வை கொடியில் பூப்போல ஆடிக்கொண்டிருந்தது. மூலையில் சிவப்பு நூல்கூடப் பளிச்சென்று இருந்தது.

"அய்யய்யோ, என்னம்மா பண்ணிவெச்சிருக்கே!"

"ஒரு மூலைதான்..." என்று ஆரம்பித்தாள் சோப்பக்கா.

சனிக்கிழமை டிரைவர் புதுக் கூடையோடு வந்தார். சவரம் செய்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். தப்பைத் தானே சொல்லிவிடுவது என்று சோப்பக்கா முன்னால் போனாள். அதற்குள் அவர் மேஜைமேல் மடித்து வைத்திருந்த சால்வையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். இன்னொரு மடிப்பைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"துவைச்சிட்டீங்களா?"

"தம்பி, வாந்தி எடுத்துடுச்சுன்னு..."

"என் வீட்டுக்காரியோடதுக்கா. அவ போனதுலேர்ந்து நான் தண்ணியே காட்டல." குரல் இன்னும் இறங்கிவிட்டது. "வீட்டு வாசனை இருக்குற துணின்னு கேட்டீங்க. என் துணி எல்லாத்துலயும் டீசல் நாத்தம்தான். வீட்டு வாசனைன்னா எனக்கு அதுதானே. அதான் குடுத்தேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் சால்வையை மறுபடி மடித்தார், கக்கத்தில் வைத்துக்கொண்டார், "இன்னொரு நாள் வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூடையை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

அன்றைக்குக் கடையில் ஒரு துணிகூட அவள் துவைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து, ஏதோ விரோதியைப் பார்ப்பதுபோல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேலி செய்யவில்லை.

"அந்த மனுஷன் பொண்டாட்டியை நான் ரெண்டாவது தடவை சாகடிச்சிட்டேங்க" என்று அழுதாள்.

"அப்படியெல்லாம் பேசாதே. துணியைக் கெடுத்துட்டா அவங்க தேடி வர்றதுக்கு முன்னாடி நாம போயி நிக்கணும்னு யாரு சொல்றது? நீதானே? போயி நில்லு."

"என்னன்னு சொல்றது? புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துட முடியுமா?"

"முடியாது. அதனாலதான் போகணும்ங்கறேன்."

மறுநாள் அவள் முதலில் காப்பகத்துக்குப் போனாள். மேனேஜர் பீரோ உச்சியில் இல்லை. சால்வை கிடந்த இடத்தில், வெறும் தரையில், மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தது. கிண்ணத்தில் சோறு தொடப்படாமல் காய்ந்திருந்தது. அவள் போட்ட புதுப் போர்வையை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோய்ப் படுத்தது. எழுந்தது, மேஜைக்கு அடியில் போய்ப் பார்த்தது, கதவுக்குப் பின்னால் பார்த்தது, பழையபடி வந்து படுத்தது. "நேத்திலேர்ந்து இதே வேலைதாம்மா" என்றார் நர்ஸம்மா.

வேன்கள் நிற்கிற இடத்தில் டிரைவர் சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோப்பக்காவைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"தம்பி, நான் பண்ணினதுக்குப் பரிகாரமே கிடையாது. திட்டணும்னா திட்டிடுங்க, வாங்கிக்கறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"விடுங்கக்கா. வேணும்னா செஞ்சீங்க?"

"வேணும்னு செய்யல. ஆனா செஞ்சது நான்தானே." மூக்கை உறிஞ்சினாள். "அங்க அதுவும் சாப்பிடல. அந்தச் சால்வையைத் தேடிக்கிட்டே இருக்கு. மேஜைக்கு அடியில பாக்குது, கதவுக்குப் பின்னாடி பாக்குது. பாக்கச் சகிக்கல."

டிரைவர் கையிலிருந்த துணியைப் பிழிந்தார். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

"அவனும் தேடறானா?" என்றார்.

"ஆமாம் தம்பி."

"நானும் கதவுக்குப் பின்னாடியெல்லாம் பாத்தேன்க்கா, அவ போன புதுசுல" என்றார் அவர். துணியை வேனுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு, "அந்தக் கூடை அங்கதானே இருக்கு?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே மேனேஜர் கூடையில் ஏறியது. ஏறியது என்று சொல்வது மரியாதைக்கு. சோப்பக்காவின் கையில் நாலு கீறல் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனது. வாசனை பழகாமல் போகிறதே, அந்த வீட்டில் என்ன பாடுபடுமோ என்று கூடை கண்ணுக்கு மறையும்வரை வாசலிலேயே நின்றாள். ஒத்துப்போகவில்லை என்றால் டிரைவர் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். திரும்பி வந்த கிழட்டுப் பூனையை இன்னொருத்தர் எடுப்பது நடக்காத காரியம்.

வந்த செய்தியும் நன்றாக இல்லை. கட்டிலுக்கு அடியில் போனது வெளியே வரவில்லை, சோறு பாதி அப்படியே இருக்கிறது என்று டிரைவர் தினமும் போனில் சொன்னார். பிறகு ஒரு நாள் போனே வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தது. "அக்கா, கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா?" அவ்வளவுதான் சொன்னார். குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சோப்பக்கா காலிக் கூடை ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

சின்ன வீடு. ஒற்றை ஜன்னல், ஜன்னலை ஒட்டி ஒரு திவான். திவான்மேல் மேனேஜர் இருந்தது. உள்ளே வந்தவளை ஏறிட்டுப் பார்த்தது, தாமதமாக வந்ததற்காகத்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, சுவரில் கன்னத்தை வைத்து அழுத்தித் தேய்த்தது. மூக்கை வைத்தது, மறுபடி தேய்த்தது. முன்கால்களை மாற்றி மாற்றித் திவானில் ஊன்றிக்கொண்டு, நெஞ்சுக்குள் மோட்டார் ஓடுவதுபோல் குர்ரென்றது.

அது தேய்த்த இடத்தில், உட்கார்ந்தவர் தலை சாய்கிற உயரத்தில், உள்ளங்கையகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை இருந்தது.

"அவ இங்கதாங்க்கா உக்காந்திருப்பா" என்றார் டிரைவர். "சாயங்காலம் வேன் சத்தம் கேக்குற வரைக்கும் சுவத்துல தலையைச் சாச்சுக்கிட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டு இருப்பா. தலைக்கு எண்ணெய் வெச்சுட்டுச் சாயாதேன்னு நான் சண்டை போடுவேன். அடுத்த மாசம் பெயின்ட் அடிச்சுடலாம்னு ஆள்கூடச் சொல்லிவெச்சிருந்தேன். நேத்து இவன் கட்டிலுக்கு அடியிலேர்ந்து வந்தான். வீடு பூரா மோந்தான். நேரா இங்க ஏறி உக்காந்துட்டான். விடியற வரைக்கும் நகரல."

அவர் திவானில் முட்டி போட்டு, பூனைக்குப் பக்கத்தில் முகத்தைச் சுவரில் வைத்தார். "இருக்குதுக்கா. கொஞ்சமாத்தான். ஆனா இருக்குது. இத்தனை நாளா இங்கயே இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியல." பெரிய உடம்பு குலுங்கியது. மேனேஜர் நகரவில்லை, சீறவில்லை. அவர் வழுக்கையை ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டுச் சுவருக்குத் திரும்பிக்கொண்டது.

சோப்பக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கண்ணீர் தாடை வரைக்கும் ஓடியது. துடைக்கக்கூடக் கையை முன்னால் கொண்டுவரவில்லை.

"தம்பி, அந்தப் பெயின்ட்காரன் வந்தான்னா எனக்குப் போன் போடுங்க" என்றாள். "காலை ஒடிச்சு அனுப்பறேன்."

டிரைவர் சுவரிலிருந்து முகத்தை எடுக்காமலே சிரித்தார். அவர் சிரிப்புச் சத்தத்தை அன்றுதான் அவள் முதன்முதலில் கேட்டாள்.

கடைக்குத் திரும்பி, பின்கட்டில் குளித்து, வேறு உடுத்திக்கொண்டு வந்தாள். துவைக்க வேண்டிய வீட்டுத் துணி குவிந்து கிடந்தது. மேலே வீட்டுக்காரரின் சட்டை. நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் நின்று வேர்த்த சட்டை, அவர் நெஞ்சில் தேய்த்துக்கொள்கிற தைலத்தின் நெடி. எடுத்துத் தொட்டிக்குக் கொண்டுபோனவள் நின்றாள். அந்தப் பக்கம் அவர் மூச்சு லேசாக விசில் அடித்துக்கொண்டிருந்தது. சட்டையை அப்படியே மடித்து அலமாரியில் தன் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

"ஏய், அது அழுக்குச் சட்டைடி. துவைக்கலையா?" என்றார் அவர், கண்ணை அகல விரித்து. "உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

"ஒண்ணு இருக்கட்டும் விடுங்க" என்றாள் சோப்பக்கா. மற்றதையெல்லாம் அள்ளிக்கொண்டு தொட்டிக்குப் போனாள்.